குறிப்பிட ஏதுமில்லை

என் தம்பி யோஹெய்க்கு அவன் வேலை செய்யும் நிறுவனம் ஒரு பாராட்டுப் பலகை கொடுத்தது. 'ஐந்து ஆண்டுகள், ஒரு பழுதும் இன்றி' என்று அதில் பொறித்திருந்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் அதை மாட்டியது நான்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டினேன். ஞாயிறுதோறும் துடைத்தேன். எரிவாயு மீட்டர் பார்க்க வருபவருக்கும் காட்டியிருக்கிறேன். இரண்டாவது முறை காட்டியபோது அவர், "போன மாசமே பாத்துட்டேனேம்மா," என்றார்.

இப்போது அங்கே ஆணி மட்டும் இருக்கிறது. அது எப்படி ஆயிற்று என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு நின்றவள். அப்பா இறந்த ஆண்டு அது. யோஹெய்க்கு அப்போது பத்து வயது. தகாஓகா நகரத்தில் பள்ளிக்கூடச் சாப்பாடு சமைக்கும் கூடத்தில் பத்தொன்பது ஆண்டாக வேலை செய்கிறேன். பதினோரு பள்ளிகள், மூவாயிரத்து இருநூறு பிள்ளைகள். அன்றன்று சமைத்த ஒவ்வொன்றிலும் ஐம்பது கிராம் எடுத்து, பையில் கட்டி, தேதி எழுதி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்திருப்பது என் பொறுப்பு. பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஏதாவது வந்தால் எடுத்துச் சோதிப்பார்கள். இதுவரை ஒரு பையிலும் நான் தேதி தவறியதில்லை.

யோஹெய் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தான். எங்கள் தெருவில் அங்கே போன முதல் ஆள் அவன்தான். மருந்துக் கடைகளுக்கு மருந்து அனுப்பும் நிறுவனத்தில் அவனுக்கு வேலை. கடைகள் கணினி வழியாகக் கேட்கும். கிடங்கில் எடுத்து வைத்து, மதியம் ஒரு மணி லாரியில் ஏற்றுவார்கள். அந்த மென்பொருள் நிற்காமல் பார்த்துக்கொள்வது யோஹெய்.

அவன் சொல்லி எனக்குப் புரிந்தது இவ்வளவு. முன்பு அந்த மென்பொருள் ஒரே பெரிய உருண்டையாக இருந்ததாம். இப்போது அதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். கன்டெய்னர் என்கிறார்கள். கடைக்காரர் கேட்பதை வாங்க ஒரு வகைப் பெட்டி, கையிருப்புப் பார்க்க ஒரு வகை, லாரிவாரியாகப் பிரித்து அனுப்ப ஒரு வகை. அறுநூற்றுச் சொச்சம் பெட்டிகள் நாற்பது கணினிகளில் பரவிக் கிடக்கும். அந்த மொத்தக் கூட்டத்துக்கு க்ளஸ்டர் என்று பெயர். ஒரு பெட்டி செத்தால் அந்த இடத்தில் தானாக இன்னொன்று எழும்.

"தானா எழுந்தா உனக்கு அங்க என்னடா வேலை?" என்று கேட்டேன்.

"எழுந்த உடனே திரும்பச் சாகுமே. அதுக்குத்தான் நான்."

"எங்க கூடத்துலயும்தான் கன்டெய்னர் இருக்கு. பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு போறது. நாப்பத்தாறு. ஒண்ணுகூடச் செத்ததில்ல."

"உன்னோடது ஸ்டீலு. மூஞ்சில அடிச்சாலும் நிக்கும்."

அப்போதெல்லாம் இப்படிப் பேசுவான்.

அந்த வேலையோடு ஒரு கறுப்புப் போனும் வந்தது. க்ளஸ்டரில் எங்காவது கோளாறு தெரிந்தால் அது அதிரும். ஆறு ஆண்டாக அது அவனிடமே இருந்தது. சாப்பிடும்போது அதிர்ந்தால் கிண்ணத்தை வைத்துவிட்டு, மடிக்கணினியோடு பக்கத்து அறைக்குப் போவான். இருபது நிமிடம், சில சமயம் ஒரு மணி நேரம். திரும்பி வந்து ஆறிய சூப்பைக் குடிப்பான். சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பான். நான்காம் ஆண்டில் ஒருநாள் நான் சூப்பில் மிசோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுது, கரைக்க மறந்துவிட்டேன். வெறும் கடற்பாசித் தண்ணீர். அவன் முழுவதையும் குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று கைகூப்பி எழுந்து போனான். நான் என் கிண்ணத்தை வாயில் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சென்ற இலையுதிர் காலத்தில் நிறுவனம் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி வாங்கியது. க்ளஸ்டரைப் பார்த்துக்கொண்டே இருந்து, கோளாறைக் கண்டுபிடித்து, காரணம் சொல்லி, பழுதும் பார்க்கும். அதை நிறுவி ஓட வைக்கும் வேலையை யோஹெய்யிடமும், இரண்டு ஆண்டு முன் சேர்ந்த நிஷினோ என்ற பெண்ணிடமும் கொடுத்தார்கள்.

முதலில் அதற்குப் பார்க்க மட்டும் அனுமதி. எதையும் தொடக் கூடாது. அடுத்து, என்ன செய்யலாம் என்று சொல்ல அனுமதி. அதன் பிறகு இரண்டே காரியங்கள் செய்ய அனுமதி: ஒரு பெட்டியை நிறுத்தி மறுபடி எழுப்பலாம், புதிய பதிப்பு சரியில்லையென்றால் பழைய பதிப்புக்குத் திருப்பலாம். அதுவும் ஆள் ஒருவர் 'சரி' என்று அழுத்தினால்தான். எதையும் அழிக்கவே கூடாது. எங்கள் கூடத்தில் புதிதாக வருகிறவர்கள் கையில் முதல் மாதம் கத்தி கொடுக்க மாட்டோம். அதே மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பழைய பதிவு அத்தனையும் அதுக்குப் படிக்கக் குடுத்தாச்சுக்கா," என்றான் டிசம்பரில். "ஆறு வருசம் நான் என்ன செஞ்சேனோ, அதையே இனிமே அது செய்யும்."

"அப்போ அந்தப் போனு?"

"முப்பது நாள் சோதனை. பாஸ் ஆயிட்டா, சின்னதை எல்லாம் அது பாத்துக்கும். பெருசுக்கு மூணு பேர் முறை வச்சு எடுப்போம். நான் போனைத் திருப்பிக் குடுத்துடலாம்."

சோதனைக்கு ஒரு விதி இருந்தது. கருவி கேட்காமல் மனிதர்கள் கை வைக்கக் கூடாது. வைத்தால் கருவி தோற்றதாகக் கணக்கு. ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி தொடங்கியது. நான் காலண்டரில் முப்பதாவது நாளைச் சுற்றி வட்டம் போட்டேன்.

பத்தொன்பதாம் நாள், பிப்ரவரி பத்து, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து கடும் பனி. பத்தே முக்கால் மணிக்கு, கடைகள் கேட்பதை வாங்கி வைக்கும் பெட்டிகளில் நினைவகம் நிரம்பத் தொடங்கியது. கருவி அதைப் பார்த்தது. பழைய பதிவுகளில் தேடியது. இதே அறிகுறி முன்பு நூற்று நாற்பத்து மூன்று முறை வந்திருக்கிறது; நூற்று நாற்பத்து மூன்று முறையும் பதிவில் 'குறிப்பிட ஏதுமில்லை' என்றே இருக்கிறது. ஆகவே கருவி எழுதியது: 'இது வழக்கமான ஏற்ற இறக்கம். நடவடிக்கை தேவையில்லை.'

அதன் பிறகு நடந்ததை நிஷினோ எனக்குச் சொன்னாள். அவள் யோஹெய்யிடம், "முரோய்-சான், ஏறிக்கிட்டே போகுதே, பாருங்க," என்றாளாம். முரோய் எங்கள் குடும்பப் பெயர்; சான் மரியாதைக்கு. யோஹெய் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தானாம்.

பதினொன்று இருபதுக்கு எல்லாம் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு கடைகள் கேட்ட மருந்து இரண்டு மணி நேரம் எங்கும் போகவில்லை. ஒரு மணி லாரிகள் பாதி ஏற்றிக்கொண்டு பனியில் கிளம்பின. மீதி மறுநாள் போயிற்று. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஹிமி ஊர்க் கடைக்காரர் ஒருவர், இன்சுலின் வாங்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதாகத் தொலைபேசியில் சொன்னார்.

அன்று யோஹெய் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தான். காலணியில் இருந்த பனியைத் தட்டவில்லை. அப்படியே வந்து மேசை முன் உட்கார்ந்தான். நான் முள்ளங்கியும் மீனும் வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

"மெஷின் தப்புன்னு முடிவாயிடுச்சு," என்றான். "வெள்ளிக்கிழமை கூட்டம். கருவி வித்த கம்பெனிக்காரர் வந்து மன்னிப்புக் கேப்பாரு. அப்புறம் அதை நிறுத்திடுவாங்க."

"மெஷின் தப்பா?"

"இல்ல."

அடுப்பைக் குறைத்தேன்.

"அந்த அறிகுறி எனக்கு நல்லாத் தெரியும்க்கா. ஆறு வருசமா வருது. வந்தா முதல்ல வாங்குற பெட்டியை நிறுத்தி எழுப்பணும், அஞ்சு நிமிசம் விட்டு அனுப்புற பெட்டியை. அந்த வரிசைல. அவ்வளவுதான். அதைத்தான் ஒவ்வொரு தடவையும் செஞ்சேன்."

"செஞ்சதை எழுதலையா?"

"'குறிப்பிட ஏதுமில்லை'ன்னு எழுதினேன்."

"ஏண்டா?"

"எழுதினா மறுநாள் காலைக் கூட்டத்துல எழுந்து நிக்கணும். ஏன், ஏன்னு அஞ்சு தடவை கேட்டுக் காரணம் எழுதணும். இனிமே நடக்காம இருக்க என்ன வழின்னு ஒரு தாள். மூணு பேர் முத்திரை. அந்தப் பெட்டிக்கு மென்பொருள் எழுதின ஆளு டோக்கியோவிலேருந்து வந்து குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டுப் போகணும். அஞ்சு நிமிச வேலைக்கு அத்தனை பேருக்கும் தொல்லை. போனை என்கிட்டக் குடுத்தப்பவே கனமோரி-சான் சொன்னாரு. பழுதாகறதுக்கு முன்னாடி சரி பண்ணிட்டா அது பழுதே இல்ல, அப்படின்னு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

கனமோரி அவனுடைய பிரிவுத் தலைவர். அந்தப் போனை முன்பு வைத்திருந்தவரும் அவர்தான்.

நான் சுவரைப் பார்த்தேன். "அப்போ அந்தப் பலகை?"

"அதுவும் அப்படித்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மீன் வெந்துவிட்டதா என்று குச்சியால் குத்திப் பார்த்தேன். வெந்திருந்தது. தட்டில் எடுத்து வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான் அவ்வளவு பேருக்குக் காட்டிய பலகை. ஞாயிறுதோறும் துடைத்த பலகை. அவற்றையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு விஷயம் போல இருந்தது.

சாப்பிட்ட பிறகு கேட்டேன்: "அதை இப்போ சொல்லிட்டா?"

"சொல்லிட்டா கருவி இருக்கும். சரியான பதிவைக் குடுத்தா கத்துக்கும். போனும் போகும். ஆனா ஆறு வருசம் பொய்ப் பதிவு எழுதினவன்னு என் பேரு இருக்கும். சொல்லலேன்னா பேரு இருக்கும். போனும் இருக்கும்." கிண்ணத்தை நகர்த்திவிட்டு, "சொன்னாலும் பிரயோசனம் இல்ல," என்றான். "யாரு என்ன கட்டளை குடுத்தாங்கறது கணினில தொண்ணூறு நாள்ல அழிஞ்சிடும். அதுக்கு முன்னாடி நான் செஞ்சதுக்கு ஆதாரம் எதுவுமே இல்ல. எந்தெந்தத் தேதின்னு எனக்கே ஞாபகம் இல்ல."

நான் எழுந்துபோய் அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். அரிசிக் கடையில் ஆண்டுதோறும் தரும் காலண்டர்கள் அங்கே இருந்தன. ஆறு ஆண்டுக்கும் ஆறு. சமையற்கூடத்து வழக்கம் எனக்கு. எந்தப் பதிவையும் சட்டென்று எறிய மாட்டேன். அவன் சாப்பாட்டை விட்டோ படுக்கையை விட்டோ அந்தப் போனுக்காக எழுந்த ஒவ்வொரு முறையும் தேதிக் கட்டத்தில் சின்ன முக்கோணம் போட்டு, எழுந்த நேரமும் வந்த நேரமும் எழுதியிருந்தேன். என்றைக்காவது அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனால் காட்டலாம் என்றுதான். அவனிடம் சொன்னதில்லை.

அவன் ஒரு மாதத்தைப் புரட்டினான். அடுத்த மாதத்தைப் புரட்டினான்.

"என்னக்கா இது?"

"நீ எழுந்தது."

"இவ்வளவா?"

"நானூத்திப் பதினேழு."

அவன் அடுத்த காலண்டரை எடுத்தான்.

மறுநாள் அரசு விடுமுறை. காலையில் வாசல் பனியை வாரிவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். நான் தேதியும் நேரமும் வாசித்தேன். அவன் கணினியில் அந்த நூற்று நாற்பத்து மூன்றோடு ஒத்துப் பார்த்தான்.

"ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, மே ஆறு, ஏழு பத்துலேருந்து ஏழு முப்பத்தஞ்சு."

"இருக்கு. ஏழு மணி எட்டு நிமிசத்துக்கு அறிகுறி."

"மே ஒம்பது, ஆறு அம்பதுலேருந்து எட்டு."

"இல்ல. அது வேற பழுது. அடுத்து."

"மே பன்னண்டு. எழுதிட்டு அடிச்சிருக்கேன். பக்கத்து வீட்டுப் போனு."

"அடிச்சதைக்கூட வச்சிருக்கியா?"

"அழிக்கக் கூடாதுடா. ஒரே கோடு போட்டு அடிக்கணும். கீழ என்ன இருந்ததுன்னு தெரியணும்."

தொண்ணூற்று ஒன்று ஒத்துப்போயிற்று. மீதி ஐம்பத்திரண்டு அவன் அலுவலகத்தில் இருந்தபோது வந்தவை. அதில் பதினேழை அவனும் நிஷினோவும் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகளிலிருந்து எடுத்தான். மற்ற முப்பத்தைந்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டான். நினைவில்லை என்றால் 'நினைவில்லை' என்றே எழுது என்றேன். அப்படியே எழுதினான். மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. இடையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. இரண்டுக்கும் எழுந்து போனான். நான் இந்த ஆண்டுக் காலண்டரில் இரண்டு முக்கோணம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலண்டர்களைப் பையில் போட்டுக்கொண்டு போனான். சனிக்கிழமை நிஷினோ அவற்றைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், நகல் எடுத்துவிட்டார்களாம். யோஹெய் உள்ளே படுத்திருந்தான். அவளுக்குத் தேநீர் கொடுத்தேன்.

"அந்தக் கருவிக் கம்பெனிக்காரர் பாவம்க்கா," என்றாள். "வந்ததும் வராததுமா குனிஞ்சுட்டாரு. அவர் குனிஞ்சிருக்கிறப்பவே முரோய்-சான் எழுந்து, 'தப்பு அதோடது இல்ல, என்னோடது'ன்னுட்டாரு. அந்த மனுசன் பாதில நிக்கிறாரு, நிமிரலாமா கூடாதான்னு தெரியாம."

"கனமோரி-சான் என்ன சொன்னாரு?"

"'இதை ஏன்யா இப்போ எடுக்கிற? மெஷின் மேல பழியைப் போட்டா அது என்ன அழவா போகுது?'ன்னாரு. முரோய்-சான் சொன்னாரு, 'அழாது. அடுத்த தடவையும் சும்மா உக்காந்திருக்கும்.' அப்புறம் காலண்டரை எல்லாம் மேசைல பரப்பினாரு. கனமோரி-சான் ரொம்ப நேரம் பாத்துட்டு, 'என் காலத்துப் பதிவும் இதுல இருக்கா?'ன்னு கேட்டாரு. 'இல்ல, அப்போ இந்த க்ளஸ்டரே இல்ல'ன்னதும் மூச்சு விட்டாரு பாருங்க, தாளே பறந்துது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கிளம்பும்போது சுவரைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக் காலணியை மாட்டினாள்.

முடிவு அடுத்த வாரம் வந்தது. நடந்ததை யோஹெய் தன் கையால் கடிதமாக எழுதித் தர வேண்டும். கோடைப் பதவி உயர்வு இல்லை. பலகையைத் திருப்பித் தர வேண்டும். கருவிக்குத் திருத்திய பதிவுகளைக் கொடுத்து, சோதனையை முதல் நாளிலிருந்து மறுபடி நடத்தலாம்.

கடிதத்தை அவன் மூன்று முறை எழுதினான். இரண்டு முறை ஓர் எழுத்துப் பிசகிற்று. பலகையை நான் துடைத்தேன். மூலையில் என் விரல் ரேகை இருந்தது, அதையும் துடைத்தேன். துணியில் வைத்து முடிந்து கொடுத்தேன். அவன் கையில் வாங்கிக்கொண்டு, "கனமாத்தான் இருக்கு," என்றான்.

இரண்டாம் சோதனை பிப்ரவரி இருபத்து நான்கில் தொடங்கியது. பதினோராம் நாள் மதியம் அதே அறிகுறி வந்தது. கருவி எழுதியதை யோஹெய் தாளில் எடுத்து வந்து எனக்குக் காட்டினான்: 'முன்பு இதே நிலையில் நூற்று எட்டு முறை, வாங்கும் பெட்டிகளை முதலிலும், ஐந்து நிமிடம் கழித்து அனுப்பும் பெட்டிகளையும் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நிலைமை சீரானது. முப்பத்தைந்து முறை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. இப்போது அவ்வாறே செய்யட்டுமா?' நிஷினோ 'சரி' என்று அழுத்தினாள். ஒன்பது நிமிடத்தில் சரியாயிற்று. ஒரு கடையும் அறியவில்லை. பதிவில் கருவி 'பழுது கண்டறியப்பட்டது, சரி செய்யப்பட்டது' என்று எழுதியது. அந்த மாத அறிக்கையில் இருபத்திரண்டு பழுதுகள் இருந்தன. முந்தைய மாதங்களில் எல்லாம் பூஜ்யம். கனமோரி அந்தத் தாளில் முத்திரை குத்துவதற்கு முன் இரண்டு முறை எண்ணிப் பார்த்தாராம்.

முப்பது நாளும் முடிந்தன. ஏப்ரல் முதல் தேதி யோஹெய் கறுப்புப் போனை அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்தான். இனி மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் அது அவனிடம் வரும். முதல் வாரம் நிஷினோ.

அன்று நெத்திலி அளவில் இருக்கும் மினுக்குக் கணவாய் மீன்களை வேகவைத்து, புளிப்பு மிசோவோடு வைத்தேன். பருவத்தின் முதல் கணவாய். சூப்பில் மிசோ கரைத்தேனா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஏழு பத்துக்கு அவன் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். மேசையில் போன் வைக்கும் இடத்தைப் பார்த்தான். அங்கே சோயா சாஸ் புட்டி இருந்தது. நின்றான். மறுபடி உட்கார்ந்து கிண்ணத்தை எடுத்தான். சூப் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அது அவனுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஏழு காலண்டர்களையும் கொண்டுபோவேன்.

நான் பென்சிலை எடுத்து ஏப்ரல் ஒன்றாம் தேதிக் கட்டத்தில் ஒரு முக்கோணம் போட்டேன். எழுந்தது ஏழு பத்து. உட்கார்ந்தது ஏழு பத்து.